பனிக்காட்டின் பொன்முடிச் சிற்றரசன்

ஒரு 10 ரூபாய் நாணயத்தை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதன் எடை ஏறக்குறைய ஏழே முக்கால் கிராம். அதைவிடவும் எடை குறைந்த ஒரு பறவை, பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் குளிர் இரவுகளைத் தாங்கி உயிர்வாழ்கிறதென்றால் நம்புவீர்களா?

வட அமெரிக்காவின் ஸ்புரூஸ், ஃபர் மரங்கள் அடர்ந்த ஊசியிலைக் காடுகளே அதன் வாசஸ்தலம். ஆங்கிலத்தில் 'கோல்டன்-கிரவுன்ட் கிங்லெட்' என்பார்கள். 'பொன்முடிச் சிற்றரசன்' என்று பொருள் கொள்ளலாம். எடை 5 அல்லது 6 கிராமே. உச்சந்தலையில் கறுப்புக் கரையிட்ட மஞ்சள் பட்டை ஒன்று கிரீடம்போல் துலங்கும். இதன் நெருங்கிய உறவான கோல்ட்கிரஸ்ட் என்னும் பறவை நம் இமயமலைக் காடுகளிலும் உண்டு.

சரீரம் எவ்வளவு சிறியதோ, அவ்வளவு விரைவாக அதன் வெப்பம் வெளியேறும். ஆகவே இப்பறவை தன் உள்வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் காத்துக்கொள்ள, பகல் முழுவதும் ஓயாமல் இரை தேடவேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டிசம்பர் மாதப் பகல் சுமார் 9 மணி நேரமே. மீதி 15 மணி நேர இருளைப் பகலில் உண்ட ஆகாரத்தைக்கொண்டே கடக்கவேண்டும். ஒரு நாள் இரை தவறினால், மறுநாள் விடியலைக் காண்பது அரிது.

பூச்சிகளை உண்ணும் இப்பறவைக்குப் பனிக்காலத்தில் ஆகாரம் எங்கே? உயிரியல் அறிஞர் பெர்ண்ட் ஹெய்ன்ரிச் மெய்ன் காடுகளில் இதை ஆராய்ந்தார். மரக்கிளைகளில் உறைந்தபடியே குளிர்காலத்தைக் கழிக்கும் சிறு கம்பளிப்புழுக்களே அதன் முக்கிய உணவு என்று கண்டறிந்தார். நம் கண்ணுக்கு வெறுமையாய்த் தோன்றும் கிளையிலே அதற்குரிய பந்தி ஆயத்தமாயிருந்தது!

இரவை எப்படிக் கழிக்கின்றன? ஒரு மாலைப்பொழுதில் நான்கு பறவைகள் ஒரு பைன் மரக்கிளையில் ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே பந்துபோல் ஒடுங்கியதை அவர் கண்டார். தனித்திருந்தால் நான்கு பக்கமும் வெப்பம் வெளியேறும். சேர்ந்திருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றைக் காக்கும். 2003-ல் வெளியான 'வின்டர் வேர்ல்ட்' என்ற நூலில் இப்பறவையைப்பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார்.

ஆயினும் குளிர்காலத்தில் மடிபவை அநேகம். அந்த இழப்பை ஈடுசெய்யக் கோடை வருகிறது. பாசியும் சிலந்தி நூலும் கொண்டு பின்னிய சின்னஞ்சிறு கூட்டிலே பெண்பறவை 8 அல்லது 9 முட்டைகள் இடும். இடம் போதாமல் முட்டைகள் இரண்டு அடுக்காக அமைவதும் உண்டு. பெரும்பாலும் ஒரே கோடையில் இருமுறை குஞ்சு பொரிக்கும்.

பெரிய சரீரமோ, மிகுந்த பலமோ அதற்கு இல்லை. அன்றன்றைய இரையைத் தேடும் ஓயாத உழைப்பும், இருள் சூழும் வேளையில் உடனிருக்கும் துணையுமே அந்தச் சிற்றுயிரை விடியல்வரை கொண்டுசேர்க்கின்றன.