ஊடுகதிர்க் கூடத்தில் தமிழ்ச் சொற்கள்

நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பதற்காக முதியவர் ஒருவர் கருவியின் முன் நிற்கிறார். "நன்றாக மூச்சு விடுங்கள் ஐயா" என்று ஒரு குரல் கேட்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும்? தமிழில் 'மூச்சு விடுதல்' சுவாசித்தல் என்னும் முழுச் செயலையும் குறிக்கும். உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுதல் என்னும் பாதிச் செயலையும் குறிக்கும். சொன்னவர் ஆழ்ந்து இழுக்கச் சொன்னதாகக் கருதுகிறார். கேட்டவரோ இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டுவிடுகிறார். அந்நொடியில் எடுக்கப்படும் படத்தில் உதரவிதானம் மேலேறி நிற்கும். நுரையீரலின் அடிப்பகுதி வெளுத்துத் தெரியும். இதயம் உள்ளதைவிட அகன்று காட்டும். பெரும்பாலும் படத்தை மீண்டும் எடுக்க நேரும். இல்லாத நோய் இருப்பதுபோல் தோன்றவும் இடமுண்டு. இத்தனைக்கும் காரணம் ஒரு வினைச்சொல்லின் இருபொருள்.

மருத்துவத் தமிழைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'தமிழில் அதற்குச் சொல் இருக்கிறதா' என்பதே முதல் வினாவாக எழுகிறது. அவ்வினாவிற்கு 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றியதோடு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் நூல்களையும் தமிழில் ஆக்கினார். உடற்கூற்றியலை அவர் 'அங்காதிபாதம்' என்றார். அவர் மறைந்தது 1884இல். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் புதிய கதிரைக் கண்டறிந்ததோ 1895 நவம்பர் 8ஆம் நாள். ஆகவே எலும்புகளுக்குச் சொல் தேடிய கிரீனுக்கு, அவ்வெலும்புகளைத் தோலுரிக்காமல் காட்டும் கதிருக்குப் பெயரிடும் வேலை வாய்க்கவில்லை. அது பின்வந்தவர்கள் பொறுப்பாயிற்று.

கதிரின் இயல்பு இன்னதென்று அறியாததால் ரோன்ட்கன் அதை 'எக்ஸ்' என்றார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு நாம் இடும் அதே எழுத்து. மலாய்மொழி 'சினார் எக்ஸ்' என்று அந்த அறியாமையை அப்படியே காத்துக்கொண்டது. தமிழ் 'ஊடுகதிர்' என்று அதன் செயலைப் பெயராக்கிக்கொண்டது. ஊடுருவிச் செல்வதனால் ஊடுகதிர். வகுப்பில் முதன்முறை கேட்கும் மாணவனுக்கும் பாதி விளக்கம் பெயரிலேயே கிடைத்துவிடுகிறது. பேச்சில் நாம் 'எக்ஸ்ரே' என்றே சொல்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை.

குறை வேறிடத்தில் நேர்ந்தது. அதில் நமக்கும் பங்குண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் தமிழ்த் துண்டறிக்கையைச் சரிபார்த்துத் தரும்படி நம்மைக் கேட்டனர். அதில் 'கதிரியக்கப் பிரிவு' என்றிருந்ததை நாம் திருத்தாமல் விட்டோம். பரவலாக வழங்கும் தொடர்தானே என்பது நம் எண்ணம். ஊடுகதிர்ப் பணியில் பயிற்சி பெற்றுவந்த நம் பழைய மாணவி ஒருவர் பின்னர் ஒரு செய்தி சொன்னார். அத்துண்டறிக்கையைப் படித்த பெரியவர் ஒருவர், படம் எடுத்து முடிந்ததும் "இனிப் பேரப்பிள்ளையைத் தூக்கலாமா அம்மா?" என்று கேட்டாராம். அவர் கேட்டதில் தவறில்லை. கதிரியக்கம் என்பது யுரேனியம் போன்ற பொருள்கள் தாமாகவே கதிர் உமிழும் தன்மை. ஊடுகதிர்க் குழாயோ மின்சாரம் பாயும் அந்தக் கணப்பொழுது மட்டுமே கதிர் வீசும். விசையை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்குவதில்லை. 'கதிர்ப்படப் பிரிவு' என்று எழுதியிருந்தால் அந்த அச்சத்திற்கே இடமிருந்திராது. இலக்கணப்பிழைகளை எல்லாம் தேடித்தேடித் திருத்திய நமக்கு, இப்பொருட்பிழை கண்ணில் படவில்லை.

உள்ளுறுப்புகளின் பெயர்களில் தமிழ் மிகத் தெளிவானது. இரைப்பை, பித்தப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை என்று பை போன்ற உறுப்புகள் ஒரே அச்சில் வார்த்தாற்போல் நிற்கின்றன. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்பனவும் அவ்வாறே. இவற்றுள் நுரையீரலை ஆசிரியர்கள் வகுப்பில் சற்று நின்று விளக்கலாம். நுரை என்பது காற்றடைத்த குமிழிகளின் தொகுதி. காற்று கதிரை எளிதில் செல்லவிடும். எனவே படத்தில் நுரையீரல் கறுப்பாகவும், சுண்ணாம்புச் சத்து நிறைந்து கதிரைத் தடுக்கும் எலும்பு வெண்மையாகவும் விழுகின்றன. நுரையிடையே நீரோ சளியோ சேர்ந்தால் அவ்விடம் வெளுக்கும். மருத்துவர்கள் அதனை 'நிழல்' என்பது வழக்கம். "நுரையீரலில் நிழல் தெரிகிறது" என்று கேட்டவர் படத்தில் கறுப்பைத் தேடுவார். மருத்துவர் சுட்டுவதோ வெண்மையை. 'வெண்திட்டு' என்றால் குழப்பமில்லை.

எலும்புகளின் பெயர்களோ வீட்டுப் பொருள்களை நினைவூட்டுவன. கழுத்தடியில் குறுக்காக ஓடும் எலும்பை இலத்தீன் 'சிறு திறவுகோல்' என்றது. தமிழர் அவ்விடத்தில் அணியும் காறை என்னும் கழுத்தணியைக் கண்டு 'காறை எலும்பு' என்றனர். முழங்கால் மூட்டின் முன்னுள்ள எலும்பு இலத்தீனில் 'சிறு தட்டு'. தமிழில் 'முழங்காற்சில்லு', பாண்டி ஆடும் சிறுமியர் எறிவார்களே, அதே சில்லு. முன்கையின் ஈரெலும்புகளை ஆரை, அரந்தி என்பர். ஆரை என்பது சக்கரத்தின் ஆரக்கால். இலத்தீனிலும் அவ்வெலும்பின் பெயருக்கு அதுவே பொருள். இலங்கைப் பாடநூல்கள் 'என்பு' எனவும் தமிழகப் பாடநூல்கள் 'எலும்பு' எனவும் எழுதும். இரண்டும் நம்மவையே, ஒரே நூலில் இரண்டையும் கலவாதிருந்தால் போதும்.

சிக்கல் மிகுவது எல்லைகளில்தான். தோள்முதல் விரல்நுனிவரை நமக்குக் கை. மலாய்மொழியின் 'காக்கி'யும் நம் 'கால்' போல் இடுப்பிலிருந்து பாதம்வரை நீளக்கூடியது. படம் எடுப்பவருக்கு இந்த நீளம் பயன்படாது. மேற்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை என்று அவருக்கு இடம் துல்லியமாக வேண்டும். 'முழங்கை' என்பதையும் சிலர் மூட்டாகவும் சிலர் மூட்டின் கீழுள்ள பகுதியாகவும் கொள்கின்றனர். வாயால் கேட்பதோடு விரலால் தொட்டுக் காட்டச் சொல்வதே நலம். 'வயிறு' இரைப்பையையும் குறிக்கும், அடிவயிறு உட்பட முழுப்பகுதியையும் குறிக்கும்.

இவற்றைவிடக் கவனம் வேண்டுவது 'மார்பு'. மார்பு ஊடுகதிர்ப் படம், மார்பக ஊடுகதிர்ப் படம் என்னும் இரண்டிற்கும் எழுத்தளவில் வேறுபாடு சிறிது. பரிசோதனைகளோ முற்றிலும் வேறானவை. ஒன்று நுரையீரலையும் இதயத்தையும் பார்ப்பது. மற்றொன்று மார்பகப் புற்றுநோய் உள்ளதா என்று பார்ப்பது. அறிவிப்புக் கடிதத்தில் 'மார்புப் பரிசோதனை' என்று மட்டும் எழுதினால், வரும் பெண்மணி எதற்கு மனத்தை ஆயத்தம் செய்துகொள்வார்? முதலாவதற்கு 'நெஞ்சு' என்று எழுதுவதையே நாம் விரும்புகிறோம். நெஞ்சு என்பதற்கு உள்ளம், இதயம், தொண்டை என்று பல பொருள் உண்டு என மறுப்போர் உளர். "நெஞ்சு வலிக்கிறது" என்று நோயாளி சொல்லும்போது அந்தப் பன்மைப் பொருள் ஆபத்தானதுதான். மருத்துவர் துருவிக் கேட்டாக வேண்டும். படத்தின் பெயரில் அது ஊறு செய்வதில்லை.

படம் எடுக்கும் திசைக்கும் பெயருண்டு. கதிர் முதுகில் நுழைந்து மார்பின்வழி வெளியேறினால் அது பின்முன் தோற்றம். எதிர்த்திசையில் சென்றால் முன்பின் தோற்றம். இரண்டாவதில் இதயம் படத்தகட்டிலிருந்து தள்ளி இருப்பதால் சற்றுப் பெரிதாக விழும். எனவே எது எதுவென அறிவது இன்றியமையாதது. 'முன்பின் தெரியாதவர்' என்று பேசிப் பழகிய செவிக்கு 'முன்பின்' என்பது திசையாகவே ஒலிப்பதில்லை. 'முன்னிருந்து பின்', 'பின்னிருந்து முன்' என்று நீட்டி எழுதுவதற்குச் சோம்பக்கூடாது.

ஆசிரியர்கள் நாளை வகுப்பில் ஒன்று செய்து பார்க்கலாம். முன்னறிவிப்பு எதுவுமின்றி "எல்லாரும் நன்றாக மூச்சு விடுங்கள்" என்று சொல்லி, எத்தனை மாணவர் காற்றை இழுக்கின்றனர், எத்தனை பேர் வெளியே விடுகின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு "மூச்சை உள்ளே இழுங்கள், அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மீண்டும் எண்ணுங்கள்.