கைமாறி வந்த பெட்டி

கோலார் தங்கவயலில் அன்று நேரத்தைச் சொன்னது சுரங்கத்தின் சங்கு. ஷிஃப்ட் மாறும் வேளையில் அது ஊதினால் யாரும் தலை நிமிர்வதில்லை. நேரம் தப்பி ஊதினால் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசை முழுதும் வாசலுக்கு வந்து நிற்கும். இன்னார் என்று பெயர் தெரிவதற்கு முன்பே பெண்கள் அழத் தொடங்கியிருப்பார்கள். இன்று நேரத்தைச் சொல்வது மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடும் பெங்களூரு ரயில். சாவுச் செய்தி அந்த ரயிலில் இருப்பவரின் செல்போனுக்கு வருகிறது. அவர் வழியில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் பாதிக் காரியம் முடிந்திருக்கும்.

ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது 1880இல். பின்னாளில் அதை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது 2001 பிப்ரவரி 28இல். இடைப்பட்ட 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் மேலே வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை கை வைக்க முடியாதபடி சுடும். அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். அப்போது மேலே வீடுகளிலும் தரை அதிரும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், அந்த வேலையைச் செய்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 30,000 பேருக்கு மேல் வேலையில் இருந்தார்கள். மூடும்போது 4,000 பேர்கூட இல்லை. பாறைக்குத் தப்பியவர்களில் பலரைக் கல் தூசி பிடித்துக்கொண்டது. ஓய்வு பெற்றபின் வருகிற இருமலுக்கு சிலிக்கோசிஸ் என்று பெயர்.

சாவு இவ்வளவு அருகில் இருந்ததால், துக்கத்தை ஒரு வீடு தனியாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ஒற்றை அறை வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்ற லைனில் அழுகையை மறைக்க இடமும் இல்லை. பகலில் பறையும் பேண்டு செட்டும் பெண்களின் ஒப்பாரியும். இரவில், பிணம் போன பிறகு, பஜனைக் கோயில்காரர்கள் ஆர்மோனியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வேதக்காரர்கள் வீட்டில் ஜெபக்கூட்டமும் ஞானப்பாட்டும். அயோத்திதாசர் காட்டிய வழியில் பௌத்தம் தழுவிய குடும்பங்களில் பஞ்சசீலம் ஓதுவார்கள். யாருடைய வீடாக இருந்தாலும் பதினாறு நாளுக்குள் ஏதோ ஓர் இரவு அந்த வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டுவிடும்.

ஆர்மோனியத்தை யாரும் ஆர்மோனியம் என்று சொன்னதில்லை. பெட்டி என்பதுதான் வழக்கு. 1840களில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் செய்தது காலால் மிதிக்கும் பெட்டி. அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும்படி மாற்றியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். நாடகக் கம்பெனிகள் அதைத் தமிழ் ஊர்களுக்கெல்லாம் கொண்டு சென்றன. கமகம் பேசாது, சுதி நம்முடையது அல்ல என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது. 1971இல்தான் தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டுகளும் வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத பெட்டி லைன் வீடுகளில் தினமும் பாடிக்கொண்டிருந்தது.

புதுப்பெட்டி வாங்க அன்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். சென்னையில் மிஸ்குவித் கம்பெனி 1842இலேயே தொடங்கிய இசைக்கருவிக் கடை. பின்னாளில் அதுவே மியூசி மியூசிக்கல் ஆனது. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் சம்பளத்துக்குக் கடைப்பெட்டி கட்டுப்படியாகாது. ஆகவே இங்கே பெட்டி பழசாகத்தான் கைக்கு வரும். அதற்கு வழி இரண்டு: வாசித்தவர் இறந்துபோக வேண்டும்; அல்லது ஊரைவிட்டுப் போக வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியபோது, கூடவே கொண்டுபோக முடியாதவற்றை விற்றுவிட்டுப் போனார்கள். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களும் அப்படியே.

எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது என் சித்தப்பா சுரங்கத்தில் இறந்த வருஷம். அப்பா அதுவரை வாத்தியம் எதையும் தொட்டவர் அல்ல. தம்பியைப் புதைத்துவிட்டு வந்தபின் அவர் பேச்சை நிறுத்திவிட்டதாகவும், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாகவும் அம்மா சொல்வார். இரண்டு லைன் தள்ளி நாடகம் சொல்லிக்கொடுத்த ஒரு வாத்தியார் இருந்தார். வயதாகி, குடியாத்தம் பக்கம் மகன் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் அவராகவே அப்பாவைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்தப் பெட்டி மூணு சாவு வீட்டைப் பார்த்திருக்கு. உங்க வீட்டுல கல்யாணத்தையும் பார்க்கட்டும், எடுத்துக்க.”

“வாசிக்கத் தெரியாதே, வாத்தியாரே.”

“எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா?”

விலை 65 ரூபாய். நாலு சம்பளத்தில் கொடுத்தால் போதும் என்றார். ஊருக்குப் போகும் நாள்வரை ராத்திரியில் வந்து உட்கார்ந்து சரளிவரிசையும் இரண்டு பாட்டும் சொல்லிக்கொடுத்தார். பெட்டி முதலில் யாருடையது, பிறகு யார் கைக்குப் போனது, எந்த ரீடு மழைக்காலத்தில் மக்கர் செய்யும் என்பதையெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார். அப்பா நல்ல வாசிப்புக்காரர் ஆகிவிடவில்லை. ஆனால் பஜனையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அடுத்த சாவு வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். தன் துக்கத்துக்கு வாங்கியதை அடுத்தவர் துக்கத்துக்குக் கொண்டுபோனபோதுதான் அவர் பழையபடி பேச ஆரம்பித்தார் என்பது அம்மாவின் கணக்கு.

பிறகு 2001 வந்தது. அதுவரை தனித்தனி வீடுகளில் நடந்த சாவு, அந்த ஆண்டு ஊருக்கே நடந்தது. அதற்குப் பறையும் இல்லை, பதினாறாம் நாளும் இல்லை. குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பத்தூருக்கும் சாமான் கட்டின. வாசல்களில் கட்டில், பீரோ, சைக்கிள், தையல் மெஷின் எல்லாம் விலைக்கு நின்றன. அவற்றோடு கிட்டாரும் தபேலாவும் பெட்டியும் நின்றன. விற்பவர் நிறைய, வாங்குபவர் சிலர். எங்கள் பெட்டியும் அப்போதுதான் போனது. வெளியூரிலிருந்து லாரி கொண்டுவந்த வியாபாரி வாங்கிக்கொண்டார். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முயலவில்லை, வியாபாரியும் கேட்கவில்லை. அத்தனை சாவு வீடுகளைப் பார்த்த பெட்டி அன்றைக்கு வெறும் மரச்சாமானாக வண்டியேறியது.

அப்பா இறந்து முப்பதாம் நாள் கழிந்தபின் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, தாத்தா மாதிரி ஒரு பெட்டி கிடைக்குமா?” கல்லூரியில் படிக்கிறவள். அன்றைய தேடல் வாய்ச்சொல்லில் நடந்தது. எங்கள் தேடல் செல்போன் திரையில். ஓஎல்எக்ஸில் பெங்களூரு என்று போட்டால் பெட்டிகள் வரிசையாக வந்தன. படம், விலை, ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற ஒரு வரி, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பழைய பொருள் சந்தையிலும் அலைந்து பார்த்தோம். கிராமபோனும் கேமராவும் கிடந்த இடத்தில் பெட்டி கிடைத்தபாடில்லை. கடைசியில் ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து கிடைத்தது.

பழைய பெட்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மெருகை அல்ல, காற்றை. ஸ்டாப்பர் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி மூடிவிட்டுத் துருத்தி போட வேண்டும். நாலைந்து தடவையிலேயே துருத்தி கையை எதிர்த்துத் தள்ளினால் பெட்டி காற்றைப் பிடிக்கிறது. தளதளவென்று போய்வந்தால் மடிப்பிலோ மூலையிலோ கசிகிறது. அடுத்து, ஒவ்வொரு கட்டையாக, கறுப்பையும் வெள்ளையையும் விடாமல் அழுத்திப் பார்க்க வேண்டும். விரலை எடுத்தபின்னும் முனகுகிற கட்டைக்கு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது அடியில் ஒட்டிய தோலைப் பூச்சி அரித்திருக்கும். ஊமையான கட்டைக்குப் பெரும்பாலும் காரணம் தூசி. பித்தளை நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதம் ஒன்றை நுழைத்து இழுத்தால் பேசிவிடும். நாக்கே விரிசல் கண்டிருந்தால் ரீடை மாற்றியாக வேண்டும். இந்தச் சங்கதிகளை அன்று அப்பாவுக்கு வாத்தியார் சொன்னார். எங்களுக்கு யூடியூப் சொன்னது. நிதானமாகவும் தெளிவாகவும், திரும்பக் கேட்டால் சலிக்காமலும் சொன்னது.

விலை 7,500 ரூபாய். விற்றவர் இளைஞர், நல்ல மனிதர். பணம் செல்போனிலேயே போய்ச் சேர்ந்தது. யார் வாசித்த பெட்டி என்று கேட்டேன். “வீடு மாறி வந்தப்போ ஏற்கெனவே பரண்ல இருந்துச்சு, சார்” என்றார். லிஃப்ட் வரைக்கும் தூக்கிவந்து கொடுத்தார். வீட்டில் பின்பலகையைக் கழற்றியபோது உள்ளே அந்துருண்டை வைத்த சின்னத் துணிமுடிச்சு இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க யாரோ அக்கறையாகக் கட்டி வைத்தது. அந்தக் கையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இன்றைக்குக் கிடைத்திருப்பது கொஞ்சமல்ல. அன்று பெட்டி வர ஒருவர் சாக வேண்டும் அல்லது ஊரைவிட்டுப் போக வேண்டும். இன்று தேடினால் கிடைக்கிறது. அன்று பஜனையில் பெட்டி ஆண்களுடையது, பெண்களுக்கு விட்டது ஒப்பாரி மட்டும். இன்று அக்கா மகள் துருத்தி போடுகிறாள், கேட்க வேண்டிய அனுமதி எதுவும் இல்லை. அன்று துக்கத்துக்குக் கூட்டம் கூடியதற்குக் காரணம், ஆண்களை விழுங்கிக்கொண்டிருந்த ஒரு சுரங்கம். சங்கு நேரம் தப்பி ஊதுமோ என்ற பயம் இல்லாமல் இந்த ஊரில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எந்தப் பாட்டுக்காகவும் அந்தப் பயத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன்.

போனது எது என்றால், பெட்டியோடு கூட வந்த மனிதர். அப்பா வாங்கிய பெட்டிக்கு முன்கதை இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார், கொண்டுபோக அடுத்த வீடு இருந்தது. எங்கள் பெட்டி தனியாக வந்தது. அவள் தனியாக வாசிக்கிறாள். லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. இருப்பவர்களும் விடியலில் ரயிலேறி இருட்டில் திரும்புகிறார்கள்; ராத்திரி பஜனைக்கு உட்கார அவர்களுக்கு உடம்பு இடம்கொடுப்பதில்லை.

சுரங்கம் போனால் இப்படிக் கூடிப் பாடுவதும் போகத்தான் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் நிலக்கரிப் பகுதியில் 1871 முதல் சுரங்கத் தொழிலாளர் விழா நடக்கிறது. ஒவ்வொரு ஊர்க்காரரும் பித்தளை வாத்தியங்களோடு கொடி பிடித்து வருவார்கள். அந்த வருஷம் சாவு நடந்த சுரங்கத்தின் கொடியில் கறுப்புத் துணி சுற்றியிருக்கும். 1934இல் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கம் வெடித்து 266 பேர் மாண்டபோது, ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அவர்களுக்காக ஓர் இசைக்கோவை அமைத்தார். டர்ஹாமின் கடைசிச் சுரங்கம் 1990களில் மூடப்பட்டுவிட்டது. விழா நிற்கவில்லை, அந்த இசையை இன்றும் பேண்டுகள் வாசிக்கின்றன. வேலை போன பிறகும் வாசிப்பதற்கு அங்கே ஒரு நாளும் ஓர் இடமும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

தங்கவயலுக்கும், சுரங்கம் நின்ற பிப்ரவரி 28 என்று ஒரு நாள் இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் பரண்மேல் கிடக்கும் பெட்டிகளைக் கீழே இறக்க அது போதுமான காரணம். வாசிக்க ஆளில்லாத வீட்டார் பெட்டியை இசை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்றாலும் குற்றமில்லை. ஆனால் கொடுக்கும்போது பின்பலகையின் உட்பக்கம் ஒரு பென்சிலால் யார் வாசித்தது, எந்த லைன், எந்தச் சுரங்கம் என்று மூன்று வரி எழுதிவிட்டுக் கொடுங்கள். எங்கள் பெட்டியில் எழுத முன்னவர் பெயர் தெரியவில்லை. எனவே அப்பாவின் பெயரையும் சாம்பியன் ரீஃப் என்பதையும் எழுதி, அதன் கீழே அக்கா மகளின் பெயரை எழுதியிருக்கிறோம். மார்கழியில் பக்கத்து லைன் பஜனைக்கு வரச்சொல்லி அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.