வலிக்கு எத்தனை மொழி?

மும்பை அணுசக்தி நகரின் தமிழ்க் குடும்பங்களில் வளைகாப்பு முடிந்த கையோடு ஒரு விவாதம் எழும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா? ஊழியர் குடும்பங்களுக்கென பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மருத்துவமனை குடியிருப்புக்குள்ளேயே இருக்கிறது. அம்மா இருப்பதோ ஆயிரம் கி.மீ.க்கு அப்பால். வலி எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள யார்?

பெரியவர்கள் இதைப் பாசக் கணக்கில் சேர்க்கிறார்கள். மருத்துவமோ இதை வலிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளை அலசிய காக்ரேன் தொகுப்பாய்வு 2017-ல் வெளியானது. பிரசவம் முழுக்க ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்கு வலி மருந்தின் தேவையும் சிசேரியனும் குறைந்தன. பிரசவ நேரமும் சற்றுச் சுருங்கியது.

கர்ப்பப்பை சுருங்கிச் சுருங்கித் தன் வாயை 10 செ.மீ. வரை திறக்க வேண்டும். முதல் பிரசவத்தில் இது 12 மணி நேரத்தைத் தாண்டுவதும் சகஜம். ஆனால் அத்தனை நேரமும் வலிப்பதில்லை. அலை போல ஏறி, சுமார் ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும், நடுவே ஓய்வு. இதை அறிந்தவள் இடைவேளையில் மூச்சை நிதானப்படுத்திக்கொள்கிறாள். அறியாதவள் அப்போதும் உடலை இறுக்கிக்கொண்டு கிடக்கிறாள். பயம் இறுக்கத்தையும் இறுக்கம் வலியையும் கூட்டுகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-லேயே எழுதினார். பயம் போனால் வலியே இராது என்று சிலர் கிளம்பியது வேறு கதை. வலி இருக்கும், கடுமையாகவே.

வெளியூரில் மொழியும் சேர்ந்து படுத்தும். சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக நள்ளிரவில் ஒரு பிரசவ வார்டின் வாசலில் மொழிபெயர்ப்பாளனாக நின்றேன். விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் வந்து, நடந்தாலோ படுத்தாலோ அடங்குவது சூட்டு வலி. சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்களே, அது. இடைவெளி குறையக் குறைய, வலுத்துக்கொண்டே போவது நிஜ வலி. தமிழில் இவ்வளவு தெளிவு. என் இந்தியில் இரண்டுமே வெறும் ‘தர்த்’! பிரசவ வலிக்கு மராத்தியில் ‘களா’ என்ற சொல் உண்டு என்பதுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. கடைசியில் மலையாள நர்ஸ் ஒருவர் வந்து “நோவோ?” என்று கேட்டார். என் வேலை முடிந்தது.

பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, சிசுவின் அசைவு குறைந்தாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். வலிக்குக் காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும்.

மருந்தைப் பற்றி வீட்டில் பேசுவதே அபூர்வம். விக்டோரியா ராணி 1853-ல் எட்டாவது பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் முகர்ந்தபோதே முணுமுணுத்தவர்கள் உண்டு. “நாங்களெல்லாம் பெறலையா?” என்பது அதன் உள்ளூர்ப் பதிப்பு. முதுகில் மெல்லிய குழாய் வழியே மருந்து செலுத்தும் எபிடியூரலை, கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். அது சிசேரியனில் கொண்டுபோய் விடும் என்ற அச்சத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. முக்கும் கட்டம் சற்று நீளலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். மயக்க மருந்து நிபுணர் இரவிலும் இருப்பாரா என்பதை ஏழாம் மாதத்திலேயே விசாரிப்பது நல்லது. வலியின் நடுவில் கேட்கிற கேள்வியல்ல அது.

துணைக்கு உள்ளே விடுவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணைத் திட்டம் வந்தது. மத்திய அரசும் 2016-ல் இதை ஏற்றது: பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுப் பெண் ஒருவர் கூட இருக்கலாம், தனி மறைப்பு உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். இடுப்பைத் தேய்த்துவிடவும், தண்ணீர் கொடுக்கவும், நர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்லவும் ஓர் ஆள்.

பெண்ணை ஊருக்கு அனுப்புவதற்குப் பதில் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்பே அம்மா வந்து இறங்குவது போல் கணக்குப் போடுகிறார்கள்.