கயிற்றின் மறுமுனை – 11: வண்டல் நகரத்துப் பாறையேறிகள்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் எந்த பிளாக்கில் கடைக்கால் தோண்டினாலும் ஒரு கூழாங்கல் அகப்படாது. அங்கே கிடப்பது முழுக்க ஹூக்ளி ஆற்றின் வண்டல். நகரத்துக்குக் கிழக்கே உப்பங்கழியும் மீன் பண்ணைகளுமாகக் கிடந்த சதுப்பைத் தூர்க்க, ஆற்றடியிலிருந்து மணலையும் சேற்றையும் வாரித் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டினார்கள். வேலை 1962-ல் தொடங்கியது. ஒப்பந்தம் எடுத்தது ஒரு யுகோஸ்லாவிய நிறுவனம். நகருக்கு வரைபடம் போட்டவரும் அந்த நாட்டுக்காரர்தான், தோப்ரிவோயே தோஷ்கோவிச். ஐந்தாவது செக்டரில் இன்று நிற்கிற ஐ.டி. கட்டடங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது அந்தச் சேறு. கடல் மட்டத்துக்கு மேலே பத்து மீட்டர்கூடத் தேறாத ஊர்.

(கொல்கத்தாவின் பழைய தமிழ்க் குடும்பங்களிடம் ‘லேக்’ என்று சொன்னால் அவர்கள் தெற்கே லேக் மார்க்கெட்டுக்கு வழி சொல்வார்கள். சால்ட் லேக் பிற்பாடு வேலைக்கு வந்த பிள்ளைகளின் ஊர்.)

இந்தத் தட்டை நிலத்தைப் பாறையேற்றத் தொடரில் ஏன் கொண்டுவருகிறேன் என்று கேட்கலாம். காரணம் ஒரு மனிதர். சால்ட் லேக்கின் அரசுப் பெயர் விதான்நகர். மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் விதான் சந்திர ராயின் பெயரைத்தான் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். டென்சிங்கும் ஹிலரியும் எவரெஸ்டில் ஏறிய மறு ஆண்டு, 1954 நவம்பர் 4-ம் தேதி, டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கல்விக்கூடம் தொடங்கியதில் நேருவுக்குப் பக்கத்தில் நின்றவரும் அவரே. டென்சிங்கை அங்கே பயிற்சிப் பொறுப்பில் அமர்த்துவதற்கு முன், சுவிட்சர்லாந்தில் ஆர்னால்ட் கிளாட்ஹார்டு என்ற வழிகாட்டியிடம் முறையாகப் பாடம் கற்க அனுப்பினார்கள். எவரெஸ்டில் ஏறிய மனிதருக்கும் கற்றுக்கொடுக்கத் தனியே பயிற்சி வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். 1962 ஜூலை 1, தன் பிறந்த நாளன்றே விதான் ராய் காலமானார். மலைப்பள்ளி நிலைபெற்றதைப் பார்த்துவிட்டுப் போனார். சால்ட் லேக்கைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

வங்காளிகளின் மலைப் பைத்தியம் அதற்கும் முந்தியது. 1852-ல் பதினைந்தாம் எண் சிகரமே (பின்னாளில் எவரெஸ்ட்) உலகில் உயர்ந்தது என்ற கணக்குக்கு வந்தவர் என்று ராதாநாத் சிக்தாரைச் சொல்வார்கள். அவர் எவரெஸ்ட் பக்கம் போனவரில்லை, கணிதர். 1927-ல் கல்கத்தாவில் மவுண்டன் கிளப் ஆஃப் இந்தியா தோன்றியது. ஆனால் அது வெள்ளைக்காரர்களின் கிளப். சாதாரண வங்காளி குமாஸ்தாவும் வாத்தியாரும் மலைக்குக் கிளம்பியது 1960-ல். சுகுமார் ராய் தலைமையில், ஆனந்த பஜார் பத்திரிகை பணம் கொடுக்க, 6,309 மீட்டர் உயரமுள்ள நந்தா குண்டியில் ஒரு குழு ஏறித் திரும்பியது. அதற்குப் பிறகு பேட்டைக்குப் பேட்டை மலையேற்றக் கிளப்புகள் முளைத்தன. மாநில அரசின் இளைஞர் நலத் துறைக்குக் கீழே மலையேற்றத்துக்கும் சாகச விளையாட்டுக்கும் என்று ஓர் அமைப்பும் உண்டு. அதன் அலுவலகம் சால்ட் லேக்கில், யுவபாரதி கால்பந்து அரங்கத்தில். ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகனும் மோதுகிற மைதானத்தின் அரவணைப்பில் மலைக்காரர்களும் குடியிருக்கிறார்கள்.

சரி, பாறைக்கு எங்கே போவது? மேற்கே. பாங்குரா மாவட்டத்தில் சுசுனியா, புருலியா மாவட்டத்தில் ஜெய்சண்டி, அயோத்தியா மலை, மாதாபுரு. இரவு ஹௌராவில் ரயில் ஏறினால் விடியும்போது நிலம் வேறாகிவிடும். பச்சை வயலும் குளமும் போய், செம்மண் மேடு, பனை, பலாச மரம், நடுநடுவே மொட்டைப் பாறை. புருலியாவை வறண்ட பூமி என்பார்கள். மழை அங்கே பெய்யாமலில்லை, பெய்தது நிற்பதில்லை. மேடும் பள்ளமுமான கெட்டிப் பாறை நிலத்தில் அத்தனையும் வழிந்தோடிவிடும். சித்திரை, வைகாசியில் பாறையில் கை வைக்க முடியாது. அதனால் கிளப்புகளின் பயிற்சி முகாம்கள் பனிக்காலத்தில்தான், கார்த்திகை முதல் தை வரை. இந்தியாவில் பாலைவனத்துக்குப் போகாமலே பாலைவனப் பாறையின் பாடம் படிக்க நல்ல இடம் அது.

ஜெய்சண்டி கருங்கல் குன்றுகளின் கூட்டம். உச்சியில் சண்டி கோயில், ஏறுவதற்குப் படிக்கட்டு, கீழே அதே பெயரில் ரயில் நிலையம். சத்யஜித் ராய் 1980-ல் எடுத்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ படத்தில் சௌமித்ர சட்டர்ஜி நடித்த வாத்தியார் சர்வாதிகார ராஜாவுக்குத் தப்பி ஒளிந்துகொள்வது இந்தப் பாறைகளில்தான். வங்காளக் குழந்தைகளுக்குப் பாறை என்றால் முதலில் கண்ணுக்கு வருவது இந்த இடமாக இருக்கும். சுசுனியாவில் வேறொரு சிறப்பு. அதன் சரிவில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சந்திரவர்மன் என்ற மன்னனின் கல்வெட்டு, பெரிய சக்கரத்தோடு, இருக்கிறது. கயிறு கட்ட வருகிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

முகாமுக்கு வருகிற புதியவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது ரேப்பலிங்குக்கு. படத்தில் பார்த்திருப்பார்கள்: கயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்குத்துப் பாறையில் பின்னோக்கி நடந்து இறங்குவது. தசை வலு வேண்டாம், புவியீர்ப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளும், போட்டோவும் நன்றாக வரும். நல்ல கிளப்புகள் அதை முதல் நாளே கொடுப்பதில்லை. முதலில் முடிச்சு. எட்டு முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவரை விடமாட்டார்கள். பிறகு காலூன்றவும் கைப்பிடி தேடவும் பழக்குவார்கள். பாறையில் ஏறத் தெரிந்த பிறகே இறக்கம்.

இதற்கு ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது. ரேப்பலிங்கைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் ழான் ஷார்லே, பிரான்சின் ஷாமோனி ஊர் மலை வழிகாட்டி. 1876-ல் பெட்டி த்ரூ சிகரத்தில் தனியே ஏறப் போய், முடியாமல் இறங்க வேண்டியிருந்தபோது, கயிற்றை இரட்டையாகப் பாறையில் மாட்டி, அதில் இறங்கி, அடியிலிருந்து ஒரு முனையை இழுத்துக் கயிற்றை மீட்டுக்கொள்ளும் உபாயத்தை உருவாக்கினார். மூன்று வருடம் கழித்து அதே சிகரத்தை ஏறியும் முடித்தார். ஏறியவன் பத்திரமாகத் திரும்ப உண்டானது இந்த வித்தை. தனி விளையாட்டாகப் பிரித்தெடுத்து விற்கத் தொடங்கியது வெகு காலத்துக்குப் பிறகு.

இறங்கும்போது நடப்பது இதுதான். இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சை. அதன் முன்பக்கம் காரபைனர் என்ற, பூட்டுள்ள உலோக வளையம். அதில் எட்டு வடிவில் ஓர் அலுமினிய டிசெண்டர், இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. கயிறு டிசெண்டருக்குள் வளைந்து புகுந்து இடுப்பின் பின்பக்கமாகப் போகும். அங்கே அதைப் பிடித்திருக்கும் கை, பெரும்பாலும் வலக்கை, பிரேக். என்ன ஆனாலும் அந்தக் கை கயிற்றை விடக்கூடாது. மேலே உள்ள கை வெறும் சமநிலைக்கு. புதியவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள்: மேல்கை கயிற்றைக் குரங்குப் பிடியாகப் பிடிக்கும், கீழ்க்கை தளரும். பயிற்றுநர்கள் தொண்டை கிழியக் கத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் இருபது மீட்டர் இறங்கினால், அவர் இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 13,700 ஜூல். அது எங்கும் போய்விடாது, உராய்வில் சூடாக மாறும். மொத்தமும் நூறு கிராம் எடையுள்ள அந்த டிசெண்டரிலேயே தங்கினால் அதன் வெப்பநிலை நூற்றைம்பது டிகிரி கூடும். நல்லவேளையாகக் கயிறும் காற்றும் பங்கு வாங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் வெயில் காயும் பாறையில் வேகமாக இறங்கியவரின் டிசெண்டரைத் தொட்டால் கை சுடும். நைலான் இருநூற்றுச் சொச்சம் டிகிரியில் உருகுகிற பொருள். சினிமாவில் கமாண்டோக்கள் துள்ளித் துள்ளி இறங்குவதைப் பார்த்துச் செய்யாதே என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். துள்ளும்போது மேலே கயிற்றைக் கட்டியிருக்கும் பிடிப்பில், அதாவது ஆங்கரில், விழும் சுமை கூடுகிறது என்பது இன்னொன்று.

விளிம்பைத் தாண்டும் முதல் அடிதான் கஷ்டம். உடம்பு பாறையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டினால் கால் வழுக்கி முழங்காலும் முகமும் அடிபடும். பின்னால் சாய்ந்து, நாற்காலியில் உட்காருவதுபோல ஹார்னஸில் உட்கார்ந்து, பாதம் முழுவதையும் பாறையில் பதிக்க வேண்டும். மூளை இதை ஒப்புக்கொள்ள நேரம் எடுக்கும். சால்ட் லேக்கின் ஐந்தாவது செக்டரில் வேலை பார்க்கும் மதுரைப் பெண் ஒருத்தி ஜெய்சண்டியில் விளிம்பில் நின்றுகொண்டு, “தாதா, கயிறு தாங்குமா?” என்று கேட்டாள். நரைத்த தாடிப் பயிற்றுநர், “கயிறு ரெண்டாயிரம் கிலோ தாங்கும். உன் கை பிரேக்கை விடாம இருக்குமா, அதைச் சொல்லு” என்றார். அவர் கணக்கு சரி. முகாம்களில் பயன்படும் ஸ்டாட்டிக் கயிற்றுக்கு ஐரோப்பியத் தரத்தில் குறைந்தபட்சத் தாங்குதிறன் 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டாயிரத்து இருநூறு கிலோவுக்குச் சற்று மேல்.

ஆனால் அவளுடைய உயிர் அந்த ஒரு கயிற்றை நம்பி இருக்கவில்லை. இதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஹார்னஸில் இன்னொரு கயிறு கட்டியிருந்தது. அதை மேலே ஒருவர் தனி ஆங்கரிலிருந்து பிலே செய்துகொண்டிருந்தார், அதாவது அவள் விழாதபடி பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையையும் விட்டிருந்தாலும் விழுந்திருக்கமாட்டாள், தொங்கியிருப்பாள், அவ்வளவுதான். ஆங்கரும் ஒன்றில்லை. வெவ்வேறு பாறைப் பிடிப்புகளிலிருந்து ஸ்லிங் பட்டைகளை எடுத்துச் சுமையைப் பகிர்ந்திருந்தார்கள். கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் சணல் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அவளுடைய நீளப் பின்னலைச் சட்டைக்குள் செருகச் சொன்ன பிறகே விளிம்புக்கு விட்டார்கள். முடியோ துப்பட்டாவோ டிசெண்டரில் சிக்கினால் நடுவழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனையும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 2019 நவம்பரில் மெக்சிகோவின் எல் பொத்ரேரோ சிகோ பாறைகளில் பிராட் காப்ரைட் இறந்தார். உலகின் தேர்ந்த பாறையேறிகளில் ஒருவர், எல் கேபிடனில் வேகச் சாதனை படைத்தவர். ஏறும்போது விழவில்லை. கயிற்றின் நுனியில் முடிச்சுப் போடாமல் ரேப்பல் செய்தபோது, நுனி டிசெண்டரைக் கடந்து உருவிக்கொண்டது. கயிற்று நுனியில் ஒரு முடிச்சுப் போட பத்து விநாடி ஆகும்.

இரண்டாவது நம் வீட்டருகே. 2018 ஜூலையில் கோவைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி என்ற பெயரில் இரண்டாவது மாடியிலிருந்து குதிக்க வைக்கப்பட்ட பத்தொன்பது வயது மாணவி இறந்தார். கீழே மாணவர்கள் வலை பிடித்திருந்தார்கள். அவர் குதிக்கத் தயங்கியதும் பயிற்றுநர் தள்ளியதும் வீடியோவாகத் தமிழ்நாடே பார்த்தது. அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அங்கே ரேப்பலிங் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் இந்தத் தொடரில் அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பயந்து நிற்பவரைத் தள்ளுவது எந்த மலைப்பள்ளியிலும் பாடமாக இல்லை. ஜெய்சண்டியில் விளிம்பு வரை வந்து, வேண்டாம் என்று திரும்பியவர்களும் உண்டு. படிக்கட்டு வழியே இறங்கி வந்து எல்லோரோடும் கிச்சடி சாப்பிட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை.

இப்போது ஊருக்கு ஊர் ரிசார்ட்டுகளில் ரேப்பலிங் இருக்கிறது, ஐந்து நிமிடம், தனிக் கட்டணம். எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் என் தீர்ப்பு கிளப்புகளின் பக்கம். அங்கே நீங்கள் முடிச்சுப் போடக் கற்கிறீர்கள், இன்னொருவருக்கு பிலே பிடிக்கிறீர்கள், அதனால் எது தவறாகப் போகலாம் என்று தெரிந்துகொண்டு வருகிறீர்கள். ரிசார்ட்டில் வாடிக்கையாளராகத் தொங்குகிறீர்கள். சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துநர்கள் சங்கமும் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. நடத்துபவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்பதை நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறும் உண்டு. பயிற்றுநர் எந்த நிறுவனத்தில் படித்தார்? டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி போன்ற மலைப்பள்ளிகளில் ஏறக் கற்றது மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கும் படிப்பையும் முடித்திருக்க வேண்டும். இரண்டாவது பாதுகாப்புக் கயிறு உண்டா? கயிறு எத்தனை வருடம் வெயிலில் கிடந்தது? குன்றில் மலைத்தேனீக் கூடு இருக்கிறதா, காலையில் யாராவது பார்த்தார்களா? முதலுதவி தெரிந்தவர் யார், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? கேட்டால் முகம் சுளிக்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஐப்பசியிலேயே கிளப்புகளில் விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொல்கத்தா தூரம். பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகராவின் கருங்கல் குன்றுகள் இருக்கின்றன. அடுத்த வாரம் அங்கே.

(தொடரும்)