பெற்றோலின் எண் சொல்வது என்ன?



சுமையேற்றிய மோட்டார் வண்டி மேட்டில் ஏறும்போது, எஞ்சினுள் சிறு சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுவதை நீங்கள் கேட்டிருக்கலாம். தீப்பொறி மூட்டிய சுவாலை உருளையினுள் சீராகப் பரவுதல் வேண்டும். அச்சுவாலை சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை அமுக்கத்தாலும் வெப்பத்தாலும் தானாகத் தீப்பற்றினால் இத்தட்டொலி பிறக்கின்றது. கடுமையாக நீடிப்பின் ஆடுதண்டும் சிதையக்கூடும்.

இதனை எதிர்க்கும் ஆற்றலை அளப்பது எவ்வாறு? 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க இரசாயன அறிஞர் கிரகாம் எட்கர் ஒரு வழி கண்டார். எளிதில் தட்டொலி எழுப்பும் ஹெப்டேன் என்னும் திரவத்துக்குப் பூச்சியம். அதனை நன்கு எதிர்க்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100. இவ்விரண்டுமே அளவுகோலின் இரு முனைகள்.

சோதனைக்கென ஓர் ஒற்றையுருளை எஞ்சின் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமுக்க விகிதத்தை மாற்றலாம். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் பெற்றோலை எரித்து, குறித்த அளவு தட்டொலி எழும்வரை அமுக்கத்தை உயர்த்துவர். பின்னர் அவ்விரு திரவங்களின் கலவைகளை எரித்து ஒப்பிடுவர். 92 பங்கு ஐசோ ஒக்டேனும் 8 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவைக்கு அது நிகராயின், அப்பெற்றோலின் ஒக்டேன் எண் 92. 900 சுற்றில், கலவையைச் சூடாக்கிச் செய்யும் கடுமையான சோதனையும் உண்டு. அதில் எண் பெரும்பாலும் குறைந்தே வரும்.

நம் நாட்டில் விற்கப்படும் 92, 95 என்பன முதற் சோதனையின் எண்கள். 95 என்றதும் வலிமை மிக்க எரிபொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தட்டொலியை எதிர்க்கும் திறனை மட்டுமே குறிக்கும். 92க்கென அமைந்த எஞ்சினுக்கு அதனால் பொதுவாகப் பயனில்லை. உயர் அமுக்க எஞ்சினுக்கோ அது தேவை. வண்டியின் கைந்நூலைப் பார்த்துத் தெரிதலே சிக்கனம்.

இவ்வெண் சொல்லாத செய்தியும் ஒன்றுண்டு. ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டொலி அடங்கும் என்று 1921இல் தொமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டனர். ஒக்டேன் எண் உயர்ந்தது. புகையோடு வெளிவந்த ஈயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. இறுதியாக அல்ஜீரியா 2021இல் கைவிட்டது.

மாணவனின் கணிதப் புள்ளி அவன் ஒழுக்கத்தைச் சொல்லாது. எந்த எண்ணைக் கண்டாலும், அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று வினவுவோமாக.