பதுளைக் கோச்சியும் பழமை பேணலும்

பழமையைப் பேணுதல் என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன கோயில்களும் கல்வெட்டுகளும் ஏட்டுச் சுவடிகளுமே. இரும்பாலும் மரத்தாலும் ஆன ஒரு வண்டியையும் பேணவேண்டும் என்று சொன்னால், "ஓடித் தேய்ந்ததைப் பழைய இரும்புக்குப் போடாமல் வேறென்ன செய்வது?" என்று கேட்பவரே மிகுதி.

உலகில் எல்லோரும் அவ்வாறு எண்ணவில்லை. இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து லண்டனுக்கு வேலைக்குச் செல்வோரை நாள்தோறும் ஏற்றி இறக்கிய பழைய மின்சார வண்டிகளில், பெட்டியின் பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள் இருந்தன. பயணிகளே அவற்றைக் கையால் அறைந்து சாத்த வேண்டும். இக்காலப் பாதுகாப்பு முறைக்கு அவை ஒவ்வா எனக் கருதி 2005ஆம் ஆண்டில் முதன்மைப் பாதைகளிலிருந்து அவற்றை விலக்கினார்கள். விலக்கியபின் அன்பர்கள் பொருள் திரட்டி, அவற்றுட் சிலவற்றை வாங்கிக் காத்து வருகிறார்கள். சென்னையிலும் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் 2004இல் ஓய்ந்தன. அவற்றிலே பள்ளிக்கும் வேலைக்கும் சென்றவர்கள் இன்றும் அவற்றைப் பற்றிப் பரிவோடு பேசுகிறார்கள். இவை அரசர் ஏறிய வண்டிகளல்ல. சாதாரண மக்கள் அன்றாடம் ஏறிய வண்டிகள். அதுவே அவற்றின் சிறப்பு.

இலங்கையில் மின்சார இரயில் ஓடியதில்லை. ஆனால் நம் ஊவா மலைகளிலே ஏழை எளியோரைச் சுமந்த வண்டி ஒன்று உண்டு. அரசாங்க ஏடுகள் அதனைப் புகையிரதம் என்னும். தோட்டத்து மக்கள் அதனைக் கோச்சி என்பார்கள்.

கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை 1864இன் இறுதியில் முதல் வண்டி ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. கோப்பியை மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறக்குவதே அக்காலத்து நோக்கம். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை வந்தபோது, பாதையும் தேயிலையைத் தொடர்ந்து மேலேறியது. 1885இல் நானுஓயா, 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை என அது வளர்ந்தது. ஆயினும், பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு உள்ள ஏறக்குறைய 20 மைல் தூரத்தைக் கடக்க மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 ஏப்ரல் 5ஆம் நாளே பதுளை நிலையம் திறக்கப்பட்டது.

இத்துணைக் காலம் ஏன்? மலையின் சரிவே முதற் காரணம். இருப்புச் சக்கரம் இருப்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதரையில் அது நன்மை. ஏற்றத்திலோ சக்கரம் வழுக்கும். ஆகவே மலைநாட்டுப் பாதையில் 44 அடி சென்றால் ஓரடி உயரலாம் என்ற அளவை எல்லையாகக் கொண்டார்கள். பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேல் ஏறிய பாதை, பதுளைக்கு வருவதற்குள் நாலாயிரம் அடியளவு இறங்க வேண்டும். இறங்குவதற்கும் அந்த எல்லை பொருந்தும். குறுகிய இடத்தில் அவ்வளவு இறங்க இயலாதபோது, பாதையை நீட்டிச் சுற்றிவிடுவதே வழி. தெமோதரையில் அதனைக் காணலாம். நிலையத்தை விட்டுப் புறப்படும் பாதை மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளிப்படுகிறது. பொறியியலாளர் திகைத்து நின்றபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே இவ்வழி தோன்றிற்று என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதனைச் சொன்ன மக்கள் அப்பாதையில் தமக்கும் பங்குண்டு என்று கருதினார்கள் என்பது மெய். எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம், 80 அடி உயரத்தில் இன்றும் காண்போர் கண்ணைக் கவர்கிறது.

இப்பாதையில் முதலில் நீராவி எஞ்சின்களே ஓடின. 1954இல், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாடு டீசல் எஞ்சின்களை வழங்கியது. முதல் எஞ்சினுக்கு அந்நாட்டு மாகாணமாகிய ஒன்டாரியோவின் பெயர் சூட்டப்பட்டது. இவற்றில் டீசல் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்ற, அங்கே பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. மின்சார இரயில் இல்லாத நாட்டிலும் மின்சாரமே வண்டியை இழுத்தது என்று இதனைச் சொல்லலாம்.

ஒற்றைத் தண்டவாளத்தில் இரு வண்டிகள் எதிர்ப்படாமல் காத்த முறையும் அறியத்தக்கது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்த பொறிகள் இருக்கும். இரண்டும் இசைந்தால்தான் ஒரு வில்லை வெளிவரும். அது வெளியே இருக்கும்வரை மற்றொன்று வாராது. அவ்வில்லையைக் கையில் பெறாத சாரதி அப்பகுதிக்குள் நுழையலாகாது. பெரிய வளையம் ஒன்றில் அதனைக் கோத்து, நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து கைநீட்டி வாங்கும் காட்சியைக் கண்டு வியக்காத சிறுவர் அக்காலத்தில் இலர்.

இவற்றையெல்லாம் பேணுவதற்கு முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. நீராவி எஞ்சின் பூட்டிய 'வைசிராய்' சிறப்பு வண்டியை 1986 முதல் சுற்றுலாவுக்காக ஓட்டினார்கள். புகையிரத சேவையின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பழைய எஞ்சின்களையும் கருவிகளையும் காணலாம்.

எனினும், நேயர்களே, எஞ்சினைக் காப்பது எளிது. அதில் ஏறியவரின் கதையைக் காப்பதே அரிது. செய்தவர் பெயரும் செய்த ஆண்டும் எஞ்சினின்மேல் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் வகுப்புப் பலகையில் அமர்ந்திருந்தவர் பெயரை யார் பொறித்தார்கள்?

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் தீர்மானித்தன. அதன் விளைவாகப் பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் கோச்சி ஏறினார்கள். பொல்காவலையில் வடக்கே திரும்பி, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார்; அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். பெயர் பதியப்பட்ட மகன் வண்டிக்குள்ளே, பதியப்படாத தாய் மேடையிலே என்று பிரிந்த குடும்பங்கள் பல. மேடையில் எழுந்த அழுகையால் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் நிலைத்தது. எந்த எஞ்சின்மேலும் எழுதப்படாத பெயர் அது.

அன்று பத்து வயதுச் சிறுவராய் இருந்தவர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார். அவர் சொல்லக் கேட்டு எழுதுவதற்கு எஞ்சியிருக்கும் காலம் சிறிது. இரும்பு துருப்பிடித்தாலும் பல்லாண்டு கிடக்கும். மனித நினைவு அவ்வாறு கிடப்பதில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையாலும் மண்சரிவாலும் மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களிற் சிதைந்தது. என்றும் உள்ளது என நாம் எண்ணியிருந்த பாதை சில நாட்களில் அறுபடக்கூடியது என்பதை அப்போது கண்டோம். அறுந்த பாதையை மீண்டும் போடலாம். மறந்த செய்தியை எங்ஙனம் மீட்பது?

ஆகவே, பெரும் பொருட்செலவின்றி நம்மால் ஆவன சில உண்டு. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையும் ஓர் ஏட்டைத் திறந்து, தன் சுற்றுவட்டத்து முதியோர் எந்த ஆண்டில், எந்த நிலையத்தில், யாரை வழியனுப்பினார்கள் என்பதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கலாம். பெட்டிகளின் அடியிற் கிடக்கும் அட்டைப் பயணச்சீட்டுகளையும் புகைப்படங்களையும் படியெடுத்துக் காக்கலாம். பாதை அமைப்பிலும் பராமரிப்பிலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடிக் கேட்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் இப்பணி நடைபெறுதல் வேண்டும். ஏனெனில், மேடையிலே நின்று கையசைத்த அயலாருள் சிங்கள மக்களும் இருந்தார்கள்.

கடுகண்ணாவையில் எஞ்சின்கள் அமைதியாக நிற்கின்றன. அவற்றின் அருகே, அவை இழுத்துச் சென்ற மக்களின் வாய்மொழியும் ஒரு நூலாக வைக்கப்படுமானால், பின்வரும் தலைமுறை அந்த இரும்பைப் பார்த்து நமது வரலாற்றைப் படிக்கும்.