ஒரே வியர்வை, இரண்டு காரணம்

"உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுது, பேச்சு குழறுது, சீக்கிரம் வாங்க." 108-க்கு வரும் இந்த அழைப்பின் பின்னால் மாரடைப்பும் இருக்கலாம், லோ சுகரும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய இந்த 108 ஆம்புலன்ஸ் வண்டியில் இருப்பவர்கள் இருவர்தான். ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள்; மற்றவர் மருத்துவ உதவியாளர், ஈ.எம்.டி. சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் டாக்டரை போனில் கேட்கலாம். ஆனால் நோயாளியைப் பார்ப்பதும் தொடுவதும் ஈ.எம்.டி. ஒருவர்தான்.

வாசலில் நுழையும்போதே சோதனை ஆரம்பம். ஆள் பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா, தோல் சில்லிட்டிருக்கிறதா? மூச்சும் நாடியும் இல்லையென்றால் மேற்கொண்டு கேள்வியே கிடையாது. நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும்; இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியை ஒட்ட வேண்டும். நினைவிருந்தால் நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு, கூடவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். குளுக்கோமீட்டர் சில நொடிகளில் எண்ணைக் காட்டிவிடும். அந்த எண்ணும் ஏமாற்றக்கூடியதுதான். பதற்றத்தில் வீட்டார் சர்க்கரையை அள்ளி ஊட்டியிருப்பார்கள். விரலில் ஒட்டிய துகளால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அனுபவமுள்ளவர்கள் விரலைக் கழுவித் துடைத்த பிறகே குத்துவார்கள்.

70-க்குக் கீழே இறங்கினால் லோ சுகர். மூளைக்குக் குளுக்கோஸ் பற்றாமல் ஆள் உளறுவார், தள்ளாடுவார், சில சமயம் அடிக்கவும் வருவார். பஸ் ஸ்டாண்டில் இப்படி விழுந்துவிட்டால் 'குடிச்சிட்டுக் கிடக்கான்' என்று ஊரே தாண்டிப் போகும். விழுங்க முடிந்தவருக்கு 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதனை. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்; அவருக்கு நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ்தான். சர்க்கரை மிக ஏறி மயங்குபவர் கதை வேறு. ஓரிரு நாளாகவே தாகம், வாந்தி, பிறகு ஆழமான வேகமூச்சு என்று வளரும். வண்டியில் முக்கியமாகச் செய்யக்கூடியது சலைன் ஏற்றுவது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமா மாரடைப்பு. பல வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு நரம்புகள் மரத்துப்போய் வலியே தெரியாமல் போகலாம். மூச்சு வாங்கும், வேர்க்கும், மேல் வயிறு என்னவோ செய்யும். 'கேஸ்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். வேர்த்த சர்க்கரை நோயாளிக்கு மீட்டரில் எண் சரியாக இருந்தால் நிம்மதிப்பட முடியாது, அங்கேதான் இ.சி.ஜி. அவசரம். மாரடைப்பாகத் தெரிந்தால், ஒவ்வாமையோ ரத்தக் கசிவோ இல்லாத பட்சத்தில், ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்கச் சொல்வார்கள். நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை, மேல் பிரஷர் 90-க்குக் கீழே இருந்தால் தொடக்கூடாது. வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டவருக்கும் கூடாது. மாமியாரும் மைத்துனரும் சுற்றி நிற்கும்போது இதைக் கேட்டு வாங்குவது தனித் திறமை. ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்காதவருக்கு மாஸ்க் தேவையில்லை. முன்பு எல்லோருக்குமே மாட்டினார்கள்.

அடுத்தது, எந்த ஆஸ்பத்திரி? பக்கத்தில் இருப்பதே நல்லது என்பது பலர் எண்ணம். அடைப்பை நீக்கும் வசதி அங்கே இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தது. கடும் மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள். தொலைதூர ஊர்களுக்காக 2023-ல் வந்தது 'இதயம் காப்போம்' திட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள்.

இந்த நோயாளிகளில் வண்டிக்காரர்களைப் படாதபாடு படுத்துவது லோ சுகர்காரர்தான். டெக்ஸ்ட்ரோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, "நீங்கள்லாம் யாரு?" என்பார், அடுத்து, "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க கிளம்புங்க." அவர் விழுங்கிய சர்க்கரை நோய் மாத்திரை கிளிமெபிரைடோ கிளிபென்கிளமைடோ ஆக இருந்தால் அதன் வேகம் ஒரு நாள் வரைகூட நீளும், சிறுநீரகம் பழுதானவருக்கு இன்னும் அதிகம். ஏற்றிய குளுக்கோஸ் அதற்குள் தீர்ந்துவிடும், நள்ளிரவில் சர்க்கரை மறுபடியும் இறங்கும். ஆகவே ஈ.எம்.டி. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைப் படித்துக் காட்டி, வீட்டம்மாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்ற வாதாடிக்கொண்டிருப்பார்.